சொக்சோ பிடித்தத்திற்கு அறுபதடுக்கு 'இஃப்' தேவையா? அட்டவணையில் தேடும் சூத்திரத்திற்கு மாறுவது குறித்து

தோட்டக்கிராணி (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். செம்பனைத் தோட்டங்களுக்கு ஆள் வைத்து வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு குத்தகையாளரின் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். எனக்கு முன் இருந்தவர் விட்டுச் சென்ற எக்செல் கோப்பில், சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) பிடித்தம் முழுவதும் ஒரே கட்டத்துக்குள் எழுதிய 'இஃப்' சூத்திரத்தால் கணக்கிடப்படுகிறது. சம்பளம் 30 ரிங்கிட்டுக்குள் இருந்தால் இவ்வளவு, இல்லையேல் 50க்குள் இருந்தால் இவ்வளவு, அதுவும் இல்லையேல் 70க்குள் இருந்தால் இவ்வளவு என்று 5,000 ரிங்கிட் வரை நீண்டு போய், முடிவில் அடைப்புக்குறிகள் மட்டுமே ஒரு வரியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. தொழிலாளி பங்குக்கு ஒன்று, முதலாளி பங்குக்கு ஒன்று என இதே நீளத்தில் இரண்டு சூத்திரங்கள் உள்ளன.

2024 அக்டோபர் முதல் சொக்சோவின் சம்பள உச்சவரம்பு 6,000 ரிங்கிட்டாக உயர்ந்துவிட்டது. கோப்பு மட்டும் 5,000லேயே நிற்கிறது. மிகைநேரம் சேர்ந்து 5,000ஐத் தாண்டும் லோரி ஓட்டுநர்களுக்கு இன்னமும் பழைய உச்சத் தொகையான 24 ரிங்கிட் 75 சென்தான் பிடிக்கப்படுகிறது. இருக்கும் சூத்திரத்தின் வாலில் இன்னும் பத்து 'இஃப்' சேர்த்துவிடுவதா, அல்லது வேறு முறைக்கு மாறுவதா என்று கேட்கவே இதை எழுதுகிறேன். அலுவலகக் கணினியில் இருப்பது எக்செல் 2016.

தாப்பா கணக்கர்

தம்பி, பத்து 'இஃப்' சேர்க்க முடியும். சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

எக்செல் 2003 வரை ஒரு சூத்திரத்துக்குள் ஏழு அடுக்கு 'இஃப்'பே அனுமதிக்கப்பட்டது. 2007 பதிப்பில் அதை 64 ஆக உயர்த்தினார்கள். இப்போது சொக்சோ அட்டவணையை எடுத்து எண்ணிப் பாருங்கள். 200 ரிங்கிட் வரை ஆறு படிகள், அதன் பிறகு 6,000 வரை நூறு நூறாக 58 படிகள், 6,000க்கு மேல் ஒன்று, ஆக மொத்தம் 65 படிகள். 65 படிகளைப் பிரிக்க 64 'இஃப்' வேண்டும். அதாவது, இன்றைய அட்டவணை எக்செல் தரும் எல்லையில் சரியாக வந்து முட்டி நிற்கிறது. அடுத்த முறை உச்சவரம்பை உயர்த்தினால் உங்கள் சூத்திரத்தை எக்செல் ஏற்கவே ஏற்காது.

எல்லை ஒருபுறம் இருக்கட்டும். சூத்திரம் என்பது கணக்கு போடும் முறை, 28.85, 8.25 போன்ற பிடித்தத் தொகைகள் அரசு மாற்றும்போது மாறும் தரவு. மாறும் தரவைச் சூத்திரத்தின் வயிற்றுக்குள் புதைத்துவிட்டால், பிறகு தாளில் அச்சிட்ட அட்டவணையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க யாராலும் இயலாது. ஆகவே, கோப்பில் 'சொக்சோ' என்று புதிய தாள் ஒன்றைத் திறந்து, ஏ பத்தியில் படியின் தொடக்கத் தொகையையும், பி பத்தியில் முதலாளி பங்கையும், சி பத்தியில் தொழிலாளி பங்கையும் தட்டச்சு செய்யுங்கள். முதல் வரிசை தலைப்பு. இரண்டாம் வரிசை முதல் 66ஆம் வரிசை வரை அட்டவணை. சம்பளம் எஃப் பத்தியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அட்டவணையில் தேடித் தரும் வீலுக்கப்பை வைத்துத் தொழிலாளி பங்குக்குரிய சூத்திரம் இவ்வளவுதான்:

=வீலுக்கப்(எஃப்2, சொக்சோ!$ஏ$2:$சி$66, 3, ட்ரூ)

முதலாளி பங்குக்கு 3 என்பதை 2 ஆக்குங்கள். (இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்; கணினியில் வழக்கமான ஆங்கிலப் பெயர்களையே அடிக்க வேண்டும்.) டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள்; இல்லையேல் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அட்டவணையும் கூடவே கீழே இறங்கிவிடும். எஃப்4 விசையை ஒரு முறை தட்டினால் அவை தாமாக வந்து அமரும்.

கடைசியில் இருக்கும் 'ட்ரூ'தான் இங்கே உயிர்நாடி. தேடும் தொகை அட்டவணையில் அப்படியே கிடைக்காவிட்டால், அதைவிடப் பெரிதாகாத தொகைகளுள் மிகப் பெரியது எதுவோ அந்த வரிசையை எடு என்பது அதன் பொருள். 1,685 ரிங்கிட்டைத் தேடினால் 1,600 என்ற வரிசையில் வந்து நிற்கும். இதற்கு ஏ பத்தி ஏறுவரிசையில் இருந்தாக வேண்டும். எக்செல் இந்த முறையில் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. பாதி பாதியாகப் பிரித்துத் தேடுகிறது. வரிசை கலைந்திருந்தால் பிழைச் செய்தி வரும் என்று நம்பியிருக்காதீர்கள். பெரும்பாலும் தவறான தொகையைத் தந்துவிட்டு அமைதியாக இருக்கும்.

கூலிம் அக்கா

தாப்பா அண்ணன் சொன்ன வழி சரியானதுதான். ஆனால் ஏ பத்தியில் 1,600, 1,700 என்று முழுத் தொகையை அடித்தால், குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் அத்தனை பேருக்கும் பிடித்தம் தவறாகிவிடும்.

சொக்சோ அட்டவணையின் வாசகத்தைக் கவனித்துப் படியுங்கள். '1,600 ரிங்கிட்டைத் தாண்டியது, ஆனால் 1,700ஐத் தாண்டாதது' என்பதுதான் படி. எனவே 1,700 ரிங்கிட் 00 சென் கீழ்ப்படியில் சேர வேண்டும். அங்கே முதலாளிக்கு 28.85, தொழிலாளிக்கு 8.25. வீலுக்கப்போ 1,700 என்ற தொடக்கத் தொகை அட்டவணையில் அப்படியே கிடைத்தவுடன் மேல்படிக்குப் போய் 30.65, 8.75 என்று எடுத்துவிடும். ஆளுக்கு 50 சென் கூடுதலாகப் பிடிக்கிறோம். முதலாளி 1 ரிங்கிட் 80 சென் கூடுதலாகக் கட்டுகிறார்.

எப்போதோ ஒருவருக்கு நேரும் தவறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதச் சம்பளக்காரர்களில் மிகைநேரம் இல்லாதவர்கள் பெரும்பாலும் சரியாக அந்தத் தொகையில்தான் நிற்பார்கள். நாள் கூலிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் நாள் கூலியான 65 ரிங்கிட் 38 சென் தொகையை 26 நாளால் பெருக்கினால் 1,699.88 தான் வரும். ஆக, இரண்டு பேரைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று நீங்கள் முடிவுகட்டும்போது, அந்த இருவரும் நாள் கூலிக்காரர்களாக இருந்தால் தவறு கண்ணில் படாது.

ஏ பத்தியில் 0.01, 30.01, 50.01, 70.01, ... 1,600.01, 1,700.01 என்று அடியுங்கள். இபிஎஃப்பின் (தொழிலாளர் சேமநிதியின்) மூன்றாம் அட்டவணையிலேயே '1,680.01 முதல் 1,700.00 வரை' என்றுதான் அச்சிடப்பட்டிருக்கிறது, அந்த 0.01ஐ வெட்டி எறிந்துவிட்டு அடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூடவே, தேடும் தொகையை முதலில் இரண்டு தசம இடத்துக்கு மட்டப்படுத்துங்கள்:

=வீலுக்கப்(ரவுண்ட்(எஃப்2, 2), சொக்சோ!$ஏ$2:$சி$66, 3, ட்ரூ)

குலை வெட்டுபவர்களின் சம்பளம் டன்னை விலையால் பெருக்கி வருவது. திரையில் 1,700.01 என்று தெரியும் தொகை உள்ளே 1,700.006 ஆக இருக்கலாம். சம்பளச் சீட்டில் அச்சாவது 1,700.01, சூத்திரம் தேடுவது 1,700.006, கிடைப்பது கீழ்ப்படி. சீட்டில் இருக்கும் தொகைக்கும் பிடித்தத்துக்கும் பொருந்தவில்லையே என்று தொழிலாளி வந்து கேட்டால் பதில் சொல்ல முடியாது.

பினாங்குத் தம்பி

வீலுக்கப்பின் புதிய வடிவமான எக்ஸ்லுக்கப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதில் 0.01 வித்தை எதுவும் தேவையில்லை. படியின் உச்சத் தொகைகளை (30, 50, 70, ... 1,700, 1,800) ஒரு பத்தியில் வைத்துக்கொண்டு, பொருத்தும் முறை என்ற ஐந்தாவது இடத்தில் 1 என்று கொடுத்தால், அப்படியே கிடைக்காதபோது அடுத்த பெரிய தொகையை எடுத்துக்கொள்ளும். 1,700 ரிங்கிட் 1,700லேயே நிற்கும், 1,700.01 அடுத்த படிக்குப் போகும். 'தாண்டாதது' என்ற அட்டவணை வாசகம் அப்படியே சூத்திரமாகிறது. ஏறுவரிசையும் கட்டாயமில்லை. 6,000க்கு மேலுள்ள கடைசிப் படிக்கு 9,99,999 போன்ற எட்டாத தொகையொன்றைப் போட்டுவிட்டால் போதும்.

மைக்ரோசாஃப்ட் இதை 2019இல் அறிவித்தது. 365 சந்தாவிலும் எக்செல் 2021இலும் உண்டு. கூகுள் ஷீட்ஸில் 2022இல் வந்தது. லிப்ரேஆபிஸில் 24.8 பதிப்பிலிருந்து இருக்கிறது.

தாப்பா கணக்கர்

கிராணியிடம் இருப்பது 2016 என்று முதலிலேயே எழுதியிருக்கிறார், தம்பி. அதில் எக்ஸ்லுக்கப் கிடையாது. நீங்கள் வீட்டுக் கணினியில் எழுதிக் கொடுத்தால் அலுவலகத்தில் திறந்தவுடன் தொகைகள் சரியாகத்தான் தெரியும். ஏனென்றால் அவை கடைசியாகச் சேமித்த விடைகள். ஒரு கட்டத்தைத் திருத்தி மறுகணக்கு நடந்த உடனே அந்தப் பெயரே எனக்குத் தெரியாது என்று எக்செல் கைவிரித்துவிடும். சம்பள நாளன்று அந்தக் காட்சியைக் காண வேண்டாம்.

கூலிம் தங்கை சொன்ன 0.01 முறையையே நான் வழிமொழிகிறேன்.

தோட்டக்கிராணி

அக்கா சொன்னபடி 65 படிகளையும் அடித்து முடித்தேன். பெரும்பாலான வரிசைகளில் தொகை வருகிறது. ஆனால் சிலருக்கு மட்டும் 'கிடைக்கவில்லை' என்ற பிழைக் குறி வருகிறது. அவர்களுள் இருவர் மாதம் முழுவதும் வேலைக்கு வராதவர்கள். மற்றவர்கள் எல்லாரும் ஒரே மண்டோரின் (மேற்பார்வையாளரின்) கீழ் வேலை செய்பவர்கள்; அவர் தன் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் அதை எடுத்து ஒட்டுவேன். சம்பளக் கட்டத்தின் இடது மேல் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் தெரிகிறது.

கூலிம் அக்கா

வேலைக்கு வராதவர்களின் சம்பளம் 0. உங்கள் அட்டவணையின் மிகச் சிறிய தொகை 0.01. அதற்கும் கீழே எதுவும் இல்லாததால் தேடிக் களைத்துப் பிழை காட்டுகிறது. 0 என்ற தொகைக்கு 0, 0 என்று ஒரு வரிசை சேருங்கள். சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: முதல் படிக்கு மேலே வரிசை நுழைத்தால் சூத்திரத்தில் உள்ள எல்லை $ஏ$3 என்று கீழே நகர்ந்து, புதிய வரிசையை வெளியே தள்ளிவிடும். முதல் படிக்குக் கீழே நுழைத்து, 0.01ஐ அங்கே இறக்கி அடித்துவிட்டு, மேலே 0 போடுங்கள். அப்போது எல்லை தானாக $சி$67 வரை நீளும்.

மண்டோர் அனுப்பியது எண்ணைப் போலத் தெரியும் எழுத்து. பச்சை முக்கோணம் அதைத்தான் சொல்கிறது. அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் தோன்றும் மஞ்சள் குறியை அழுத்தி, எண்ணாக மாற்றுங்கள். அப்போதும் மாறாதவற்றில் 'ரிங்கிட்' என்ற குறியோ கண்ணுக்குத் தெரியாத இடைவெளியோ ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து நீக்குங்கள்.

எக்காரணம் கொண்டும் 'இஃப்எரர்' போட்டு அந்தப் பிழைகளை 0 ஆக்கிவிடாதீர்கள். பிழை காட்டியதால்தான் இப்போது உங்களுக்குத் தெரிந்தது. பழைய 'இஃப்' சூத்திரம் இதே எழுத்துச் சம்பளத்தை எந்த எண்ணைவிடவும் பெரியது என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் தாண்டிப் போய் உச்சத் தொகையைப் பிடித்திருக்கும்.

மாறுபட்டவன் (பீடோர்)

எல்லாரும் 'இஃப்'பை ஒரேயடியாகத் துரத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. படிகளுக்கு அட்டவணை பொருந்தும். ஆனால் சம்பளக் கணக்கில் படிகள் அல்லாத நிபந்தனைகளும் உண்டு.

இபிஎஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 5,000 ரிங்கிட் வரை தொழிலாளிக்கு 11 விழுக்காடு, முதலாளிக்கு 13 விழுக்காடு. அதற்கு மேல் முதலாளி பங்கு 12 விழுக்காடு. மாதச் சம்பளம் 5,000க்குள் இருந்து, போனஸ் சேர்ந்ததால் மட்டும் அந்த மாதம் 5,000ஐத் தாண்டினால், முதலாளி பங்கு 13 விழுக்காடாகவே இருக்க வேண்டும். இதை எந்த அட்டவணையில் தேடுவீர்கள்? போனஸ் இல்லாத சம்பளம் என்ன என்று ஓர் 'இஃப்' கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. இபிஎஃப் அட்டவணை 5,000 வரை இருபது இருபது ரிங்கிட்டாக ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் உச்சத் தொகைக்கு விழுக்காடு போட்டு, மீதிச் சென் தொகையை அடுத்த ரிங்கிட்டுக்கு உயர்த்துகிறார்கள். 1,690 சம்பளம் என்றால் 1,700க்கு 11 விழுக்காடு, 187 ரிங்கிட். அட்டவணையே இல்லாமல் இதை ஒரு வரியில் எழுதலாம் (சீலிங் சம்பளத்தை 20இன் அடுத்த மடங்குக்கும், ரவுண்டப் விடையை முழு ரிங்கிட்டுக்கும் உயர்த்தும்):

=ரவுண்டப்(சீலிங்(ஜி2, 20)*11%, 0)

இருநூற்றைம்பது படிகளை அடித்துக்கொண்டு உட்காருவதைவிட இது மேல் அல்லவா?

தாப்பா கணக்கர்

போனஸ் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. எந்த அட்டவணையில் தேடுவது, எந்தச் சம்பளத்தைத் தேடுவது என்பதைத் தீர்மானிக்க 'இஃப்' வேண்டும். 60 வயதைக் கடந்தவர்களுக்குச் சொக்சோவில் இரண்டாம் பிரிவு. அவர்களுக்கு முதலாளி மட்டுமே கட்டுகிறார். அந்தப் பிரிவுக்கு டி பத்தியைச் சேர்த்து, எந்தப் பத்தியை எடுப்பது என்பதற்கு மட்டும் ஓர் 'இஃப்' வைத்துக்கொள்ளலாம்.

சீலிங் சூத்திரமும் 5,000 வரை தவறில்லை. 10 ரிங்கிட்டும் அதற்குக் குறைவும் என்றால் பிடித்தம் இல்லை, 5,000க்கு மேல் படி நூறு ரிங்கிட்டாக மாறுகிறது, 20,000க்கு மேல் படியே இல்லை என்பவற்றையும் சேர்த்தால் அது மறுபடியும் 'இஃப்' அடுக்காகத்தான் முடியும். சொக்சோவுக்கோ அந்த வழியும் இல்லை. 1,600க்கும் 1,700க்கும் இடைப்பட்டதற்கு 1,650ஐ வைத்து முதலாளி பங்குக்கு 1.75 விழுக்காடு போட்டால் 28.875, அட்டவணையில் 28.85. 1,900க்கு மேல் உள்ள படிக்கு அதே கணக்கில் 34.125 வரும், அட்டவணையில் 34.15. ஒன்று கீழே இறங்குகிறது, ஒன்று மேலே ஏறுகிறது. அச்சிட்ட அட்டவணை இருக்கும்போது அதை ஊகித்துச் சூத்திரம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே ஒருவர் எஃப் என்றும் ஒருவர் ஜி என்றும் எழுதியிருக்கிறீர்கள். மிகைநேரச் சம்பளம் சொக்சோவுக்குக் கணக்கில் சேரும், இபிஎஃப்புக்குச் சேராது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிச் சம்பளப் பத்தி இருக்க வேண்டும். ஒரே பத்தியை இரண்டுக்கும் தேடினால், சூத்திரம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

தெலுக் இந்தான் செம்பனை

எங்கள் தோட்டத்தில் இதே அடுக்கு 'இஃப்' குலை வெட்டும் விலையில் இருந்தது. குட்டை மரத்தில் உளியால் குத்தி இறக்குவதற்கு ஒரு விலை, நெட்டை மரத்தில் நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் இழுத்து இறக்குவதற்கு ஒரு விலை. பிளாக்குகளுக்கு நட்ட ஆண்டை வைத்து 98சி, 05ஏ, 11பி என்று பெயர். ஓய்வுநாளிலும் பொது விடுமுறையிலும் விலை மாறும்.

இதில் தேடுவது தொகை அல்ல, பெயர். எனவே 'ட்ரூ' கூடாது. 'ஃபால்ஸ்' கொடுக்க வேண்டும். நான்காவது இடத்தை வெறுமனே விட்டுவிட்டால் வீலுக்கப் அதை 'ட்ரூ' என்றே எடுத்துக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. வரிசைப்படுத்தாத பிளாக் பெயர்களில் அப்படித் தேடினால் 05ஏ பிளாக்குக்கு வேறொரு பிளாக்கின் விலை வந்து உட்கார்ந்திருக்கும். பெயர், நாள் என இரண்டு திசையிலும் தேட வேண்டியிருந்ததால் நாங்கள் இப்படி எழுதினோம்:

=இண்டெக்ஸ்(விலை!$பி$2:$டி$20, மேட்ச்(பி2, விலை!$ஏ$2:$ஏ$20, 0), மேட்ச்(சி2, விலை!$பி$1:$டி$1, 0))

முதல் மேட்ச் பிளாக்கின் வரிசையைக் கண்டுபிடிக்கிறது. இரண்டாவது சாதாரண நாளா, ஓய்வுநாளா, விடுமுறையா என்று பார்த்துப் பத்தியைக் கண்டுபிடிக்கிறது. எக்செல் 2016இலும் வேலை செய்யும்.

தோட்டக்கிராணி

எல்லாருக்கும் நன்றி. பழைய பத்தியை அழிக்காமல் புதிய சூத்திரத்தைப் பக்கத்தில் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, 0 அல்லாதவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். 5,000ஐத் தாண்டியவர்கள் எதிர்பார்த்தபடியே வந்தார்கள்; எடுத்துக்காட்டாக 5,340 வாங்கிய ஓட்டுநருக்கு 24.75க்குப் பதில் 26.75. எதிர்பாராமல் காவல்காரர் ஒருவரும் வந்தார். அவருடைய சம்பளம் சரியாக 2,000 ரிங்கிட். பழைய சூத்திரத்தில் எல்லாப் படிகளுக்கும் 'சிறியது அல்லது சமம்' என்ற குறி இருக்க, 2,000 என்ற படியில் மட்டும் 'சிறியது' என்று இருக்கிறது. 9.75 பிடிக்க வேண்டியவருக்கு 10.25 பிடித்து வந்திருக்கிறார்கள்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 2024 செப்டம்பர் வரையிலான மாதங்களும் இதே கோப்பில்தான் உள்ளன. அட்டவணையை மாற்றியதால் அந்த மாதங்களின் பிடித்தமும் மாறிவிடாதா?

கூலிம் அக்கா

மாறும். முடிந்துபோன மாதங்களில் சூத்திரத்தை எடுத்துவிட்டு, நகல் எடுத்து மதிப்பாக மட்டும் ஒட்டிவிடுங்கள். அதுதான் பாதுகாப்பு. சூத்திரமாகவே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தால், பழைய அட்டவணையைத் தனித் தாளில் வைத்து, இரண்டு அட்டவணைக்கும் பெயர் சூட்டி, ஒரே ஓர் 'இஃப்'பால் தேர்ந்தெடுக்கச் செய்யலாம்:

=வீலுக்கப்(ரவுண்ட்(எஃப்2, 2), இஃப்(ஏ2<டேட்(2024, 10, 1), பழையது, புதியது), 3, ட்ரூ)

ஏ2வில் சம்பள மாதத்தின் முதல் தேதி இருக்க வேண்டும்; 'செப்டம்பர்' என்று எழுத்தில் இருந்தால் இது வேலை செய்யாது. ஓட்டுநர்களுக்குக் குறைவாகவும் காவல்காரருக்குக் கூடுதலாகவும் பிடித்த தொகைகளுக்கு மாதவாரியாக ஒரு பட்டியல் போட்டு, முதலாளியிடம் காட்டிவிட்டு, சொக்சோ அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அடுத்த மாதப் பிடித்தத்தில் நீங்களாகவே கூட்டிக் கழித்துவிடாதீர்கள்.